டீச்சர் பதில்கள்: பொலின் வீட்டு அக்கா தங்கை

சென்ற இதழில் ஈரோட்டு வாசகி ஒருவர், "போர்க்களமே இல்லாத சரித்திரப் படம் ஒன்று சொல்லுங்கள் டீச்சர்" என்று கேட்டிருந்தார். 2008-ல் வந்த 'தி அதர் பொலின் கேர்ள்' படத்தைச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த தபாலில் பாதி அந்தப் படத்தைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

பார்க்காதவர்களுக்காக நாலு வரி. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து. எட்டாம் ஹென்றிக்கு ஆண் வாரிசு இல்லை, ராணி கேத்தரினுக்கோ வயதாகிறது. தாமஸ் பொலினும் அவர் மைத்துனர் நார்ஃபோக் பிரபுவும் திட்டம் போட்டு, மூத்தவள் ஆன் பொலினை ராஜா கண்ணில் படவைக்கிறார்கள். ராஜாவுக்குப் பிடித்துப்போவதோ ஏற்கெனவே கல்யாணமான தங்கை மேரியை. அவள் பிள்ளை பெறப் படுத்த நேரத்தில் ஆன் உள்ளே புகுந்து ராஜாவை வளைத்து, ராணியும் ஆகிறாள். மூன்றே வருடத்தில் தலை போகிறது. ஆன் வேடத்தில் நடாலி போர்ட்மன், மேரியாக ஸ்கார்லெட் ஜோஹான்ஸன், ராஜாவாக எரிக் பானா. ஃபிலிப்பா கிரிகரியின் நாவலுக்குத் திரைக்கதை பீட்டர் மார்கன், இயக்கம் ஜஸ்டின் சாட்விக்.

டீச்சர், உடன்பிறந்தவர்கள் ஒரு ஆம்பளைக்காக இப்படியா அடித்துக்கொண்டார்கள்? நிஜமா, சினிமாவா?
*— திண்டுக்கல் வாசகி*

சினிமா. அடித்துக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட ஆதாரம் கிடையாது. மேரியோடு ராஜாவுக்கு இருந்த தொடர்பு 1522 வாக்கில் ஆரம்பித்து 1525 வாக்கில் ஓய்ந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. அவர் ஆன் பின்னால் அலைய ஆரம்பித்தது 1526 வாக்கில். அக்காவும் தங்கையும் ஒரே கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று முறைத்துக்கொள்கிற அந்தப் பிரசவ அறை விவகாரமெல்லாம் நாவலாசிரியையின் கைச்சரக்கு.

இருவரும் ஒரே நாளில் ஒரே மேடையில் நின்றதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது. 1522 மார்ச் 4. ராஜாவின் முதன்மை அமைச்சர் கார்டினல் வுல்சியின் யார்க் பிளேஸ் மாளிகை. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர்களுக்கு விருந்து. மண்டபத்துக்குள்ளேயே பச்சை நிறத்தில் ஒரு பொய்க் கோட்டை கட்டி, அதற்குள் எட்டுப் பெண்களை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் வெள்ளை சாட்டின் உடை. ஆளுக்கொரு நற்குணத்தின் பெயரைத் தங்கத்தில் எழுதித் தலையில் சூட்டியிருந்தார்கள். ராஜாவின் கூட்டம் கோட்டையை முற்றுகையிட்டது, பேரீச்சம்பழத்தையும் ஆரஞ்சையும் வீசி! பெண்கள் பன்னீரையும் மிட்டாயையும் திருப்பி வீசினார்கள். அதில் மேரிக்குக் கிடைத்த பெயர் 'பரிவு'. பிரான்ஸிலிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த ஆனுக்குக் கிடைத்த பெயர் 'விடாமுயற்சி'. பெயரைப் பங்கிட்டுக் கொடுத்த புண்ணியவான் யாரோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும்.

இத்தனை கோடி செலவழித்தவர்கள் இந்த ஒரு காட்சியை எடுத்திருக்கக் கூடாதா? கையில் வெண்ணெய், கடையில் நெய்!

படத்தில் ஆன் அக்கா, மேரி தங்கை. என் மகன் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு மாற்றிச் சொல்கிறான்.
*— தஞ்சாவூர்*

மகன் பக்கம்தான் பலம் அதிகம். இங்கிலாந்தில் ஊர்தோறும் கோயில் பதிவேடு வைக்கும் வழக்கமே 1538-ல்தான் வந்தது. அதனால் இருவர் பிறந்த தேதியும் தெரியாது. ஆன் பிறந்தது 1501 என்று ஒரு கட்சி, 1507 என்று ஒரு கட்சி. ஆனால் மேரியின் பேரன் ஜார்ஜ் கேரி 1597-ல் ஒரு பட்டத்துக்கு உரிமை கோரி எழுதியபோது, தன் பாட்டிதான் மூத்தவள் என்றே வாதாடினார். ஆனின் மகள் எலிசபெத் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த காலம் அது. அவர் முகத்துக்கு நேரே பொய் சொல்லிப் பட்டம் கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

பெற்ற அப்பனும் தாய்மாமனுமே பெண்களைக் கூட்டிக்கொடுத்தார்கள் என்று காட்டியிருக்கிறார்களே. மனசு ஆறவில்லை.
*— இல்லத்தரசி, காரைக்குடி*

திட்டம் போட்டு ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் யாருக்கு எப்போது என்ன கிடைத்தது என்பதை வரிசையாக எழுதிப்பாருங்கள். மேரியின் புருஷன் வில்லியம் கேரி, ராஜாவின் அந்தரங்க அறையில் ஊழியம் செய்தவர். 1522 தொடங்கி அவருக்கு நிலமும் பண்ணையும் மானியமாக வந்துகொண்டே இருந்தன. தாமஸ் பொலின் 1525-ல் ரோச்ஃபோர்ட் பிரபு ஆனார், 1529-ல் வில்ட்ஷயர், ஆர்மண்ட் என்று இரண்டு பெரிய பட்டங்கள் சேர்ந்தன. அவர் ஒன்றும் வெறும் மாமா வேலை பார்த்தவர் இல்லை. பிரெஞ்சு சரளமாகப் பேசிய, கெட்டிக்கார ராஜதந்திரி. பெண்கள் இல்லாவிட்டாலும் ஓரளவு மேலே வந்திருப்பார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் கோபம் வேறொரு இடத்தில். 1528 கோடையில் இங்கிலாந்தில் 'வியர்வைக் காய்ச்சல்' என்று ஒரு கொள்ளைநோய். காலையில் நன்றாக இருந்தவன் ராத்திரிக்குள் போய்விடுவான். ஜூன் 22-ம் தேதி வில்லியம் கேரி அதில் செத்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு மேரி நடுத்தெருவில் நின்றாள். பெற்றவர் ஏன் என்று கேட்கவில்லை. கடைசியில் ஹென்றியே ஆனுக்கு எழுதிய ஒரு காதல் கடிதத்தில் நடுவே, சொந்த மகள் இத்தனை கஷ்டத்தில் இருக்கும்போது உன் அப்பா அவளை ஏற்றுக்கொள்வதுதான் அவர் கௌரவத்துக்கு அழகு என்று எழுதவேண்டி வந்தது. பழைய காதலிக்காகப் புதிய காதலியிடம் சிபாரிசு! புருஷன் வாங்கிவந்த வருடம் 100 பவுண்டு அதற்குப் பிறகுதான் மேரி பெயருக்கு மாறியது. அவள் மகன் ஹென்றி கேரியின் காப்பாளர் உரிமை ஆன் கைக்குப் போனது. இதைப் பிள்ளையைப் பறித்தது என்று காட்டவும் வழி உண்டு, பிள்ளையைப் படிக்கவைத்தது என்று காட்டவும் வழி உண்டு. அந்தக் காலத்தில் அது இரண்டுமே.

படத்தில் அம்மாவாக வரும் கிறிஸ்டின் ஸ்காட் தாமஸ் ஒருத்திதான் அந்த வீட்டு ஆண்களைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறார். அது நடந்ததா என்றால் தெரியாது. நடந்திருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

எங்கள் பக்கம் பெண்சாதி செத்துப்போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கொழுந்தியாளையே கட்டிவைப்பார்கள். ராஜா அண்ணியைக் கட்டியதற்கும், கொழுந்தியாள் முறைப் பெண்ணைக் கட்டியதற்கும் அங்கே ஏன் அத்தனை ரகளை?
*— விவசாயி, ஒட்டன்சத்திரம்*

ஐயா, வந்த கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி உங்களுடையதுதான். படம் இதைத் தொடாமலே ஓடிவிடுகிறது, நான் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, ஒரு பெண்ணோடு கூடினாலே அவள் உடன்பிறந்தவர்கள் எல்லாம் உனக்கும் உடன்பிறந்தவர்கள். தாலி கட்டினாயா இல்லையா என்பது கணக்கில்லை. அப்படிப்பட்ட உறவில் கல்யாணம் செய்ய போப்பாண்டவரிடம் விலக்கு வாங்கவேண்டும். ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502-ல் செத்தார். அண்ணி கேத்தரினைத் தம்பிக்குக் கட்டிவைக்க மறுவருடமே போப் இரண்டாம் ஜூலியஸிடம் விலக்கு வாங்கியாயிற்று. 1509-ல் கல்யாணம். பிழைத்தது 1516-ல் பிறந்த ஒரே ஒரு பெண் குழந்தை.

பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்திய பிறகு ராஜாவுக்குத் திடீரென்று மனச்சாட்சி உறுத்தியது. லேவியராகமம் 20:21-ல், சகோதரன் மனைவியை எடுத்தவர்கள் சந்தானமற்றுப் போவார்கள் என்று இருக்கிறதே! பெண் குழந்தை இருக்கிறதே என்றால், சந்தானம் என்றால் ஆண் பிள்ளைதான் என்று பண்டிதர்கள் விளக்கம் எழுதித் தந்தார்கள். அதே வேதத்தில் உபாகமம் 25:5, சகோதரன் பிள்ளையில்லாமல் செத்தால் அவன் மனைவியைத் தம்பி கட்டிக்கொள்ளவேண்டும் என்கிறது. உங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டுச் சட்டம் எழுதியது போல இருக்கிறதா? அந்தப் பக்கத்தை ராஜா புரட்டவில்லை.

இப்போதுதான் வேடிக்கை. 1527-ல் வில்லியம் நைட் என்ற தன் செயலாளரை ரகசியமாக ரோமாபுரிக்கு அனுப்பினார். கேத்தரின் கல்யாணம் செல்லாது என்று ஆகிவிட்டால், தான் அடுத்துக் கட்டப்போகும் பெண் கள்ளத் தொடர்பு வழியாகத் தனக்கு மிக நெருங்கிய முறையில் வந்தாலும் அனுமதி தரவேண்டும் என்று விண்ணப்பம். பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. மேரியோடு ராஜாவுக்குத் தொடர்பு இருந்தது என்பதற்கு நமக்கு இருக்கும் உறுதியான சாட்சி இந்த விண்ணப்பம்தான், அதாவது ராஜாவே கொடுத்த வாக்குமூலம். அண்ணியைக் கட்டியது போப் அனுமதித்தும் தீராத பாவம், கொழுந்தியாளைக் கட்டுவது போப் அனுமதித்தால் பாவமே இல்லை! எம்.ஏ. வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூடத் தூங்காது.

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், ஜார்ஜ் த்ராக்மார்ட்டன், ராஜாவிடமே நேரில் கேட்டுவிட்டார்: நீங்கள் அந்தப் பெண்ணின் தாயோடும் சகோதரியோடும் பழகியதாகப் பேச்சு இருக்கிறதே என்று. "தாயோடு ஒருபோதும் இல்லை" என்றார் ஹென்றி. பக்கத்தில் நின்ற தாமஸ் கிராம்வெல் அவசரமாக, "சகோதரியோடும் இல்லை, அதை மனதிலிருந்து எடுத்துவிடும்" என்று ஒட்டுப்போட்டார். அமைச்சர் வேலை எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

ஐந்தாம் சார்லஸ் கேத்தரினின் சகோதரி மகன். அவர் படை 1527-ல் ரோமாபுரியைச் சூறையாடியது, போப் ஏழாம் கிளெமெண்ட் அவர் பிடியில். சித்தி கல்யாணத்தை ரத்துசெய்ய விடுவாரா? ஆகவே 1534-ல் ஹென்றி தன் நாட்டுத் திருச்சபைக்குத் தானே தலைவர் ஆனார். மனைவி செத்தபின் கொழுந்தியாளைக் கட்டலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் ஒப்புக்கொண்ட வருடம் எது தெரியுமா? 1907.

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?
*— அரசு ஊழியர், விருதுநகர்*

வேண்டாம். ராஜா ஆன் பொலினைப் பலவந்தம் செய்கிற காட்சி ஒன்று இருக்கிறது. சரித்திரத்தில் அதற்கு ஆதாரம் கிடையாது, கதைக்கும் அது தேவைப்படவில்லை. பத்தாம் வகுப்பு தாண்டியவர்கள் பார்க்கட்டும்.

மேரி கடைசியில் ஒரு சாதாரண ஆளைக் கட்டிக்கொண்டு கிராமத்தில் நிம்மதியாக இருந்ததாக முடிக்கிறார்கள். ஆறுதலுக்காகச் சேர்த்ததா?
*— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

இல்லை கண்ணு, அது நிஜம். சினிமாவைவிட நிஜம் காரமாகவே இருக்கிறது.

1534. ஆன் ராணி. விதவை மேரி அரண்மனைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். யார் என்றால், வில்லியம் ஸ்டாஃபோர்ட் என்று ஒரு படைவீரன். கலே கோட்டையில் ஊழியம், சொத்து சுகம் பெரிதாக இல்லை, வயதிலும் இளையவன். யாரையும் கேட்காமல் ரகசியக் கல்யாணம். ராணியின் சகோதரி என்றால் அவள் கல்யாணம் ராஜாங்க விவகாரம் அல்லவா? அரண்மனையை விட்டு விரட்டினார்கள். அப்பா படியளப்பதை நிறுத்தினார்.

அப்போது மேரி கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. ராஜாவோடு இருந்த காலத்தைப் பற்றி அவள் வாய்மொழியாக நமக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. அவள் மனசு திறந்து பேசி நாம் கேட்பது இந்த ஒரு கடிதத்தில்தான். ராஜாவிடமும் ராணியிடமும் சொல்லி மனம் இரங்கவைக்கும்படி கெஞ்சுகிறாள், அப்பா, அண்ணன் தம்பி, மாமன் நார்ஃபோக் பிரபு யாரும் இரக்கம் காட்டவில்லை என்கிறாள். அவன் இளவயசுக்காரன், ஆசை அறிவை வென்றுவிட்டது என்று ஒப்புக்கொள்கிறாள். உலகமே என்னைத் துச்சமாக நினைத்தது, அவன் ஒருவன்தான் என்னைப் பெரிதாக நினைத்தான் என்கிறாள். அதற்குமேல் ஒரு வரி: உலகத்திலேயே பெரிய ராணியாக இருப்பதைவிட அவனோடு பிச்சையெடுத்துச் சாப்பிடுவேன்.

இதை யார் யாரிடம் சொல்வது! கூடப்பிறந்தவள் ராணியாக இருக்கும்போது, ராணியின் மனசை இளக்கித்தரச் சொல்லி எழுதுகிற கடிதத்தில், ராணிப் பட்டம் எனக்குக் காலணாவுக்குப் பெறாது என்று எழுதுகிறாள். கெஞ்சத் தெரியாதவள். அல்லது அடக்கிவைத்தது பேனா முனையில் பீறிட்டுவிட்டது. 'போட்டி' என்று நீங்கள் தேடினால், எனக்கு இந்த ஒரு வரியில்தான் அதன் வாடை அடிக்கிறது. என் தங்கை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "மேரி ஒரு அசடு" என்று தீர்ப்பு சொன்னாள். இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அசடு இல்லை, திமிர்" என்று மாற்றிக்கொண்டாள்.

அக்காவும் தங்கையும் அதற்குப்பின் சந்தித்ததற்குப் பதிவு இல்லை. ஆன் சிறைப்பட்டபோது மேரி ஓடிவந்து ராஜா காலில் விழுந்ததாகப் படம் காட்டுகிறது. வரவில்லை, கடிதம் எழுதியதற்கும் தடயம் இல்லை. வந்திருந்தால் அவள் தலையும் போயிருக்கலாம். 1543 ஜூலை 19-ல் மேரி காலமானாள். கூடப்பிறந்த ஆன், ஜார்ஜ் இருவருக்கும் கோடரியும் வாளும். இயற்கையாகச் செத்தது இவள் ஒருத்தி.

கடைசிக் காட்சியில் மேரி குழந்தை எலிசபெத்தைத் தூக்கிக்கொண்டு அரண்மனையை விட்டுப் போகிறாளே, அப்போது அழுதுவிட்டேன்.
*— ஊர் போடவேண்டாம்*

அழுங்கள், தப்பில்லை. ஆனால் ராஜா பெற்ற பிள்ளையை யாரும் இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் தாண்டிவிட முடியாது. மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே எலிசபெத்துக்குத் தனி மாளிகை, தனி ஆள் அம்பு. வளர்த்தவர் லேடி மார்கரெட் பிரையன்.

அழுவதற்கு வேறு ஒரு கடிதம் தருகிறேன். ஆன் செத்தது 1536 மே 19. குழந்தைக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. சில மாதத்தில் லேடி பிரையன் கிராம்வெல்லுக்கு எழுதுகிறார்: பிள்ளைக்கு மேலங்கி இல்லை, பாவாடை இல்லை, உள்ளாடை இல்லை, கைக்குட்டை இல்லை, ராத்தொப்பி இல்லை. இருக்கிற துணியை வைத்து இத்தனை நாள் ஒப்பேற்றிவிட்டேன், இனி முடியாது. கூடவே, கடைவாய்ப் பல் மெதுவாக முளைக்கிறது, குழந்தை வலியில் தவிக்கிறது, அதனால் கொஞ்சம் செல்லம் கொடுக்கிறேன் என்றும். அம்மா இருந்தவரை வெல்வெட்டும் சாட்டினுமாக வந்துகொண்டிருந்தது. அவள் போனபின் பிள்ளை வளர்ந்துகொண்டே இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை. இதை ஒருத்தரும் சினிமாவாக எடுக்கமாட்டார்கள்.

ஹென்றி நிஜத்தில் எரிக் பானா மாதிரி அழகனா? புத்தகத்தில் குண்டு ராஜாவாக இருக்கிறாரே.
*— பிளஸ் டூ மாணவர், கடலூர்*

இரண்டும் சரி. 1515-ல் பார்த்த வெனிஸ் நாட்டுத் தூதர், தான் பார்த்த அரசர்களிலேயே பேரழகன் என்று எழுதினார். ஆறடிக்கு மேல் உயரம். 1536 ஜனவரியில் குதிரைச் சண்டைப் பந்தயத்தில் விழுந்தார், கால் புண் ஆறவில்லை, ஓட்டமும் ஆட்டமும் நின்றன, சாப்பாடு நிற்கவில்லை. கடைசிக் காலக் கவசத்தின் இடுப்பளவு 50 அங்குலத்துக்கு மேல். தேர்வில் இதைக் கேட்கமாட்டார்கள்.

அண்ணன் ஜார்ஜோடு ஆனைச் சேர்த்துவைத்துப் பேசும் பழி உண்மையா? சொல்லவே நா கூசுகிறது.
*— ஓய்வுபெற்ற வழக்கறிஞர், திருநெல்வேலி*

வக்கீல் ஐயாவுக்குக் குற்றப்பத்திரிகையிலேயே பதில் இருக்கிறது. எந்த நாளில், எந்த ஊரில் என்று தேதிபோட்டு எழுதினார்கள். அந்தத் தேதிகளில் பல நாள் அவள் அந்த ஊரிலேயே இல்லை. 1533 அக்டோபரில் வெஸ்ட்மின்ஸ்டரில் ஹென்றி நாரிஸ் என்பவரோடு என்று ஒரு குற்றச்சாட்டு. அப்போது அவள் கிரீனிச் அரண்மனையில், எலிசபெத்தைப் பெற்று ஒரு மாதம்கூட நிறையாத பச்சை உடம்புக்காரி. பொய்க் கேஸ் ஜோடிப்பவன் முதலில் காலண்டரையாவது பார்க்கவேண்டாமா?

1536 மே 15-ல் விசாரணை. தலைமை வகித்துத் தீர்ப்பு வாசித்தவர் சொந்த மாமன் நார்ஃபோக். அவளை முன்பு காதலித்ததாகச் சொல்லப்பட்ட ஹென்றி பெர்சியும் தீர்ப்புச் சொன்ன பிரபுக்களில் ஒருவர். முடிந்ததும் மயங்கிச் சரிந்தார். ஜார்ஜ் வாதாடிய அழகில் விடுதலை என்று பத்துக்கு ஒன்று பந்தயம் கட்டினார்களாம். மே 17-ல் அவரும், ஆனோடு சேர்த்துப் பழி சுமத்தப்பட்ட மற்ற நாலு ஆண்களும் தலை வெட்டப்பட்டுச் செத்தார்கள். அன்றைக்கே பேராயர் கிரான்மர், ராஜா–ஆன் கல்யாணம் ஆதியிலிருந்தே செல்லாது என்று அறிவித்தார். மேரி விவகாரத்தைக் காரணமாகக் காட்டியிருப்பார்கள் என்பது பலர் ஊகம். கல்யாணமே செல்லாது என்றால் கணவனுக்குத் துரோகம் செய்தாள் என்று தலையை வாங்குவது எப்படி? உங்கள் தொழில், நீங்கள் சொல்லுங்கள்.

மே 30-ல் ராஜாவுக்கு ஜேன் சீமோரோடு கல்யாணம்.

ஆன் பொலின் வேடத்தில் ஒரு இந்தியப் பெண் நடித்திருக்கிறாராமே, யார் அவர்?
*— சினிமாப் பிரியர், கோடம்பாக்கம்*

மெர்ல் ஓபரான். 1933-ல் அலெக்சாண்டர் கோர்டா எடுத்த 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்த்'. சார்லஸ் லாட்டன் கோழியைக் கடித்து எறிந்தே ஆஸ்கர் வாங்கிய படம். அதில் ஆன் வருவது ஆரம்பத்தில் சில நிமிடம்தான், கதை தொடங்குவதே அவள் தலை போகும் நாளில்.

மெர்ல் பிறந்தது 1911-ல் பம்பாயில், வளர்ந்தது கல்கத்தாவில். நிறவெறி பிடித்த அந்தக் காலத்துச் சினிமாவில் கலப்பினப் பெண் என்று தெரிந்தால் வாய்ப்பு கிடைக்காது. அதனால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரி என்று ஒரு கதை கட்டினார்கள், கடைசிவரை அதையே சொல்லி வாழ்ந்தார். வளர்த்தவர் இலங்கையில் பிறந்த சார்லட் செல்பி. மெர்ல் 1979-ல் காலமான பிறகுதான் பிறப்புச் சான்றிதழ் வழியாக இன்னொன்றும் வெளியே வந்தது: சார்லட் அவருக்கு அம்மா இல்லை, பாட்டி. வீட்டில் அக்காவாகக் கணக்கு வைக்கப்பட்டிருந்த கான்ஸ்டன்ஸ்தான் பெற்ற தாய், பிள்ளை பெறும்போது அவளே ஒரு சிறுமி. அக்கா தங்கை கதை என்றால் நான் இதைத்தான் படமாக எடுப்பேன். கோடம்பாக்கத்தில் இருக்கிறீர்கள், யாரிடமாவது சொல்லிப்பாருங்கள்.

நடிப்பில் யார் முதலிடம்?
*— சேலம்*

கேத்தரினாக வந்த ஸ்பானிய நடிகை அனா டாரண்ட். வருவது கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் மற்ற இரண்டு நட்சத்திரங்களும் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வேஷம் கட்டிய பெண்கள் மாதிரி தெரிகிறார்கள். அப்பாவாக வந்த மார்க் ரைலன்ஸை 2015-ல் வந்த 'உல்ஃப் ஹால்' தொடரில் கிராம்வெல்லாகப் பாருங்கள். இங்கே பொலின் வீட்டைக் கட்டியவர், அங்கே அதை இடிக்கிறார். மேரியின் இரண்டு புருஷர்களாகவும் வருகிற பையன்கள் யார் தெரிகிறதா? பெனடிக்ட் கம்பர்பாட்ச், எடி ரெட்மெய்ன். அப்போது யாரும் திரும்பிப் பார்க்காத முகங்கள்.

மேரியின் வம்சம் என்ன ஆனது? படம் சொல்லவே இல்லையே.
*— நூலகர், நாகர்கோவில்*

நன்றாக இருந்தது. மகள் கேத்தரின் கேரி, எலிசபெத் ராணியின் நெருங்கிய தோழிப் பெண்ணாகி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானாள். மகன் ஹென்றி கேரியை, பட்டத்துக்கு வந்த கையோடு எலிசபெத் ஹன்ஸ்டன் பிரபு ஆக்கினார். இவர்கள் ஹென்றி ராஜாவுக்குப் பிறந்தவர்கள் என்று அன்றும் கிசுகிசு, இன்றும் கிசுகிசு. ராஜா ஒப்புக்கொண்டதில்லை. இந்த ஹன்ஸ்டன் பிரபு அரண்மனை மேலாளராக இருந்தபோது 1594-ல் ஒரு நாடகக் குழுவுக்குப் புரவலர் ஆனார். ஷேக்ஸ்பியர் நடித்ததும் எழுதியதும் அந்தக் குழுவுக்குத்தான். உங்கள் நூலகத்தில் ஷேக்ஸ்பியர் அடுக்கு எங்கே இருக்கிறதோ, அங்கே மேரி பொலினுக்கும் ஒரு ஓரம் பாத்தியதை உண்டு.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. இந்தப் படமா, பழைய படமா?
*— ஐ.டி. ஊழியர், கோவை*

பழையது. 1969-ல் வந்த 'ஆன் ஆஃப் தி தௌசண்ட் டேஸ்'. ரிச்சர்ட் பர்ட்டன் ஹென்றி, ஜெனிவீவ் பூஜோல்ட் ஆன். அதில் மேரிக்கு அதிக வேலை இல்லை, ஆனால் ராஜா ஏன் போப்பை எதிர்த்தார் என்பது விளங்கும். நேரம் மிச்சமிருந்தால் சாயங்காலம் 2008 படத்தைப் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், உடைகள் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். திங்கட்கிழமை அலுவலகத்தில் யாராவது அதைச் சரித்திரம் என்று பேசினால் இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள்.